ஊருக்குப் போகும் கமராவுக்கு எந்தப் பற்றரி?

ஆடி, ஆவணியில் யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஊருக்குப் போகிறவர்கள் கடைசி நேரத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கமராவுக்கு இன்னொரு பற்றரி வேணும். ஒறிஜினலே வாங்குவமா, இல்லாட்டி வேறை கொம்பனிப் பற்றரி காணுமா?" ஒறிஜினல் ஒன்றுக்குக் கொடுக்கும் காசுக்கு வேறு கொம்பனிப் பற்றரி இரண்டு மூன்று வாங்கலாம். சிலவேளை இரட்டைச் சார்ஜரும் சேர்த்துத் தருவார்கள். ரொறொன்ரோவிலோ லண்டனிலோ வார இறுதியில் பூங்காவுக்குப் போய்ப் படம் எடுக்கிறவருக்கு அது நல்ல முடிவுதான். ஊர்ப் பயணத்துக்கு அதை மட்டும் நம்பிப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. மச்சாளின் கழுத்தில் தாலி ஏறுவது ஒரு தடவைதான். தொண்ணூறைத் தாண்டிய அப்பம்மா முற்றத்தில் இருந்து கதை சொல்வதை அடுத்த பயணத்தில் எடுக்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. கூரை போன பழைய வீட்டின் சுவர் அடுத்த மாரிக்கு நிற்குமோ தெரியாது.

அதனால் என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் உள்ள ஒறிஜினல் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். இரண்டாவதும் மூன்றாவதும் பெயர் தெரிந்த வேறு கொம்பனியுடையதாக இருக்கலாம். எல்லாவற்றையும் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். இந்தச் சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பெரும்பாலான கமராப் பற்றரிக்குள் இரண்டு லித்தியம் அயன் கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், சேர்த்தால் 7.2. அவற்றோடு ஒரு சிறிய பாதுகாப்புச் சுற்று இருக்கும். அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ, அளவுக்குக் கீழே இறங்கினாலோ, இரண்டு முனைகள் ஒன்றோடொன்று முட்டினாலோ மின்சாரத்தை அது துண்டிக்கும். வெப்பத்தை அளக்கும் உணரி ஒன்றும், பல மொடல்களில் கமராவுடன் பேசும் ஒரு சிப்பும் உள்ளே உண்டு. நல்ல வேறு கொம்பனிகள் கலத்திலும் பாதுகாப்புச் சுற்றிலும் பெரிதாகக் குறை வைப்பதில்லை. ஜேர்மனியின் பட்டோனா, அயர்லாந்தின் ஹேனல், சீனாவின் ஸ்மோல்ரிக் போன்றவற்றைப் பல தொழில்முறைப் படப்பிடிப்பாளர்களும் பாவிக்கிறார்கள். இடறுவது பெரும்பாலும் அந்தச் சிப்பில்தான்.

சிப் கமராவுக்குச் சரியான கணக்குச் சொல்லாவிட்டால் திரையில் 60 வீதம் என்று காட்டிக்கொண்டே இருக்கும், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். படம் எடுக்கும்போது இது தொல்லை மட்டும்தான், வேறு பற்றரி போட்டால் சரி. வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திடீரென்று போனால் அந்தக் கோப்பு முழுமையாக மூடப்படாமல் நின்றுவிடலாம். பிறகு அதைத் திறக்க முடியாமலும் போகலாம். முகூர்த்த நேரத்தில் இது நடந்தால் என்ன செய்வீர்கள்? ஆகவே கலியாண வீட்டில் ஒறிஜினலைப் போட்டு எடுங்கள். தாலி கட்டுக்குச் சற்று முன்னர், இருக்கும் பற்றரி பாதி காட்டினாலும் கழற்றிவிட்டு நிறைந்ததைப் போடுங்கள். பாதி இருந்ததை இரவு விருந்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கனன் கமராக்களில் வேறு கொம்பனிப் பற்றரி போட்டால், பற்றரியோடு தொடர்பு சரியில்லை என்றும் அதில் கனன் இலச்சினை இருக்கிறதா என்றும் சிலவேளை திரையில் கேட்கும். ஆம் என்று அழுத்தினால் பெரும்பாலும் வேலை செய்யும். மிச்சம் எவ்வளவு என்ற கணக்கு மட்டும் வராமல் போகலாம். நிக்கொனின் பல மொடல்கள் பற்றரியின் முதுமையை 0 முதல் 4 வரை காட்டும், 4 வந்தால் மாற்றச் சொல்கிறது என்று பொருள். கனனில் அதையே மூன்று கட்டங்களாகப் பார்க்கலாம், மூன்றும் பச்சை என்றால் பற்றரி நல்ல நிலையில் இருக்கிறது. வேறு கொம்பனிப் பற்றரியில் இந்த எண்களை அப்படியே நம்பவேண்டாம். இன்னொன்று, பயணத்துக்குச் சற்று முன்னர் கமராவின் மென்பொருளைப் புதுப்பிக்காதீர்கள். நேற்றுவரை ஏற்றுக்கொண்ட வேறு கொம்பனிப் பற்றரியைப் புதிய மென்பொருள் மறுப்பது நடக்கும். புதுப்பித்தே ஆகவேண்டுமென்றால் முன்கூட்டியே செய்து எல்லாப் பற்றரியையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பற்றரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்று மேலே ஒட்டியிருக்கும் எண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். கனன் 2008 இல் 5டி மார்க் 2 கமராவுடன் வெளியிட்ட எல்பி-ஈ6 பற்றரி 1800 மில்லி ஆம்பியர் மணி. அதே கூட்டுக்குள் 2014 இல் 1865 ஆக்கினார்கள். 2020 இல் ஆர்5 கமராவோடு வந்த எல்பி-ஈ6என்எச் 2130. பன்னிரண்டு வருடத்தில் கூடியது 330 தான். அப்படியிருக்க, அதே அளவுக் கூட்டுக்குள் 3000 இருக்கிறது என்று மலிவு விலையில் யாராவது ஒட்டி விற்றால் அதை நம்பக் காரணம் ஒன்றும் இல்லை. எண்ணைக் கூட்டிப் போடும் கொம்பனியைவிட, ஒறிஜினலுக்குப் பக்கத்தில் அல்லது சற்றுக் குறைவாகப் போடும் கொம்பனியையே நான் தேர்ந்தெடுப்பேன். சமையலறைத் தராசில் ஒறிஜினலையும் மற்றதையும் நிறுத்துப் பாருங்கள். நிறை எடுத்த எடுப்பிலேயே குறைவாக இருந்தால் உள்ளே இருக்கும் கலமும் சிறியதுதான்.

இந்த இரண்டையும் விட மோசமானது மூன்றாவது வகை: ஒறிஜினல் என்று பெயர் அடித்து வரும் போலி. பட்டோனா என்று தன் பெயரையே போட்டு விற்கிறவருக்குக் காக்கவேண்டிய பெயர் ஒன்று உண்டு. கனன் என்றோ சொனி என்றோ போலி அடிக்கிறவருக்கு அது கிடையாது, பாதுகாப்புச் சுற்றை முதலில் மிச்சம் பிடிப்பவரும் அவர்தான். ஒறிஜினல் வாங்குவதென்றால் நீங்கள் வாழும் நாட்டில், பற்றுச்சீட்டோடு, பெயர் உள்ள கமராக் கடையிலேயே வாங்குங்கள். பல கடைக்காரர் சேர்ந்து விற்கும் இணையச் சந்தைகளில் விற்பவர் யார் என்று பார்க்காமல் அழுத்த வேண்டாம். கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ, போகும் வழியில் சென்னை ரிச்சித் தெருவிலோ பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் உண்டு. அங்கே நல்ல கடைகளும் இருக்கின்றன. ஆனால் வாங்கியதைச் சோதிக்கவோ திருப்பிக் கொடுக்கவோ உங்களுக்கு நாள் கிடைக்காது.

சோதிப்பது பெரிய வேலை இல்லை. நம்மில் பலருக்குக் கமரா போன ஊர்ப் பயணத்துக்குப் பிறகு அலுமாரியிலேயே கிடக்கும். பாவிக்காமல் வைத்த லித்தியம் பற்றரியும் வயதாகும், முழுச் சார்ஜில் வைத்தால் இன்னும் வேகமாக. முதலில் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்துத் தட்டையான கண்ணாடி மேசையில் வைத்து விரலால் சுழற்றிப் பாருங்கள். நல்ல பற்றரி உரசி நின்றுவிடும், வயிறு ஊதியது பம்பரம் போலச் சுற்றும். ஊதியது எந்தக் கொம்பனியுடையதாக இருந்தாலும் கமராவுக்குள் போகக்கூடாது. உள்ளே சூடாகி இன்னும் ஊதினால் வெளியே வராது, இழுக்கப் போய் கமராவே உடைந்துவிடும்.

தப்பியவற்றை நிறையச் சார்ஜ் பண்ணி, கமராவில் வீடியோவை ஓடவிட்டு அணையும்வரை எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். ஒறிஜினலும் மற்றதும் ஒரே கமராவில், ஒரே அமைப்பில் ஓடவேண்டும். கமரா அரைமணியில் தானாக நிறுத்தினால் மீண்டும் அழுத்தித் தொடருங்கள். ஒறிஜினலின் நேரத்தில் முக்கால்வாசியாவது வந்தால் நான் அந்தப் பற்றரியைக் கொண்டுபோவேன். பாதிதான் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். முடிந்ததும் ஒவ்வொன்றிலும் ஒட்டுநாடாவில் இலக்கமும் வாங்கிய மாதமும் எழுதிவிடுங்கள். யூஎஸ்பி-சி வயரைக் கமராவிலேயே குத்திச் சார்ஜ் ஏற்றுகிறவர்கள் அதையும் பாருங்கள். கனன் ஆர்5, ஆர்6 இல் பழைய எல்பி-ஈ6 ஒறிஜினலுக்கே அப்படி ஏறாது, வேறு கொம்பனியுடையதில் ஏறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தனிச் சார்ஜர் ஒன்று பையில் இருப்பது நல்லது.

விமானத்தில்

மேலதிகப் பற்றரி ஒறிஜினலோ வேறோ, கைப்பையில்தான் வரவேண்டும். கீழே போகும் சூட்கேஸில் போடக்கூடாது. 100 வாட் மணிக்குக் கீழே என்றால் தனி அனுமதி தேவையில்லை. கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியர் மணியால் (மில்லி ஆம்பியர் மணியை 1000 ஆல் வகுத்தது) பெருக்குங்கள். சொனி என்பி-எஃப்இசட்100 பற்றரி என்றால் 7.2 ஐ 2.28 ஆல் பெருக்க 16.4 வாட் மணி, எல்லைக்கு மிகவும் கீழே. ஆனால் இந்த எண் பற்றரியில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எழுத்து அழிந்த, அல்லது எண்ணே போடாத மலிவுப் பற்றரியைப் பாதுகாப்புச் சோதனையில் பறித்தால் வாதாட உங்களிடம் ஒன்றும் இருக்காது. முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி போடுங்கள். மூடி தொலைந்திருந்தால் ஒட்டுநாடா போதும். சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் ஒரே பையில் போடாதீர்கள்.

சென்னையிலிருந்து பலாலிக்குச் சிறிய விமானத்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இடமில்லை என்று படிக்கட்டடியில் உங்கள் கைப்பையை வாங்கிக் கீழே போடச் சொன்னால், பற்றரிகளையும் பவர் பாங்கையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே பையைக் கொடுக்கவேண்டும். அதனால் பற்றரிகளைத் தனிச் சிறு பையில் மேலே வையுங்கள். பவர் பாங்க் விதிகள் இப்போது இறுகியிருக்கின்றன. எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒன்றுதான் அனுமதிக்கிறது, விமானத்துக்குள் அதைப் பாவிக்கவும் விடுவதில்லை. ஊருக்குக் கப்பலில் அனுப்பும் சாமான் பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவே பற்றரியைச் செருகுவது இன்னும் ஆபத்து. அதைச் செய்யவே வேண்டாம்.

ஊரில்

மின்சாரம் 230 வோல்ட். பெரும்பாலான கமராச் சார்ஜர்கள் 100 முதல் 240 வரை தாங்கும், பின்பக்கத்தில் எழுதியிருக்கும், ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று உருண்டைக் கம்பிப் பிளக், புதியவற்றில் லண்டனில் இருப்பது போன்ற சதுரக் கம்பிப் பிளக். கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் போகிறவர்களுக்கு அடாப்டர் தேவை. 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் கரண்ட் நின்றது பலருக்கு நினைவிருக்கும். அப்படி இல்லாவிட்டாலும் கிராமத்துப் பக்கம் சில மணிநேரம் நிற்பது புதினம் இல்லை. இரவில் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சார்ஜில் போடுங்கள், விடிய எழும்பிப் போடலாம் என்று விடவேண்டாம்.

வெயில்தான் பற்றரிக்குப் பெரிய எதிரி. சொனி தன் கையேடுகளில் 10 முதல் 30 பாகைக்குள் சார்ஜ் செய்யச் சொல்கிறது. ஆவணி மத்தியானம் யாழ்ப்பாணத்தில் தகரக் கூரைக்குக் கீழே அந்த வெப்பநிலை கிடைக்காது. விறாந்தையில் காற்றுப்படும் இடத்தில், இரவில் சார்ஜ் செய்யுங்கள். படம் எடுத்துச் சூடாக வந்த பற்றரியை உடனே சார்ஜரில் செருகாமல் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். வான் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே கமராவை வைத்துவிட்டு இறங்கிப் போகாதீர்கள். பாதுகாப்பில் குறை வைத்த மலிவுப் பற்றரி ஊதுவது இப்படியான இடத்தில்தான்.

எந்த நாளுக்கு எதைக் கொண்டுபோவது? நல்லூரில் 24 ஆம் நாள் தேர். சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், சனத்துக்குள் புகுந்துவிட்டால் பற்றரி எடுக்க வீட்டுக்கு ஓடி வரமுடியாது. கோயிலுக்குள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, ஆகவே வெளிவீதியில் தேர் வரும் நேரம்தான் உங்கள் நேரம். கமராவில் ஒறிஜினல், மடியில் ஒரு மேலதிகம். நெடுந்தீவு வேறு மாதிரி. குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணிநேரம், அங்கே குதிரைகளும் பெருக்கு மரமும் முருகைக்கல் மதில்களும் பார்த்துத் திரும்பப் பகல் முழுக்கப் போகும். அவசரம் இல்லாத, நிறையப் படம் எடுக்கிற நாள் அது, வேறு கொம்பனிப் பற்றரிகளுக்கு ஏற்ற நாள். படகில் உப்புத் தண்ணீர் தெறிக்கும் என்பதால் பற்றரி மாற்றுவதைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு வந்து பற்றரி முனைகளைக் காய்ந்த துணியால் துடையுங்கள்.

ஊரில் நிற்கும்போது ஒன்று ஊதிவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, பழுதான லித்தியம் பற்றரியை விமானத்தில் ஏற்றக்கூடாது. குப்பையிலும் போடாதீர்கள். நம் ஊர்களில் குப்பையை வளவுக்குள் கூட்டி எரிப்பார்கள், எரியும் பற்றரி வெடிக்கும். முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, மணல் போட்ட தகரப் பேணிக்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இலத்திரனியல் கழிவு சேகரிக்க மத்திய சுற்றாடல் அதிகாரசபையில் பதிந்த நிறுவனங்கள் இலங்கையில் உண்டு, அவற்றில் ஒன்றிடம் சேர்க்கும்படி வீட்டாரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

கமராவையே தம்பி முறையானவருக்கோ மருமகனுக்கோ கொடுத்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியென்றால் ஒறிஜினல் பற்றரியையும் அந்தக் கொம்பனிச் சார்ஜரையும் அவரிடமே விடுங்கள். உங்களுக்கு இங்கே இன்னொன்று வாங்குவது எளிது, அவருக்கு அங்கே நம்பிக்கையான ஒன்றைத் தேடுவதுதான் கஷ்டம்.