சீரியல் எழுதுகிறீர்களா? கண்ணீர்க் காட்சியில் செய்யக்கூடாத தவறுகள்

புதிதாகச் சீரியலுக்கு சீன் எழுத வருபவர்கள் செய்கிற முதல் தவறு, எடுத்த எடுப்பிலேயே பாத்திரத்தை அழ வைத்துவிடுவது. அவளே அழுது தீர்த்துவிட்டால் பார்க்கிறவருக்கு அழ என்ன மிச்சம்?

ஒரு சீன் சொல்கிறேன். புகுந்த வீட்டில் சூடு வாங்கிய மகள் அப்பாவைப் பார்க்க வருகிறாள். வலது கைக் காயத்தை முந்தானையால் மூடியிருக்கிறாள். "மாப்பிள்ளை வரலையாம்மா?" என்கிறார். "அவருக்கு வேலைப்பா" என்றபடி காபி டம்ளரை இடது கையால் வாங்குகிறாள். அப்பா கவனிக்கவில்லை, நாம் கவனித்துவிட்டோம். நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லையே என்ற தவிப்புதான் மெலோடிராமாவின், அதாவது உணர்ச்சியைத் தூக்கிக் காட்டும் இந்த மாதிரிக் கதையின் உயிர். 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி'யில், தாயில்லாத ஐந்து பெண்களைக் கரையேற்றப் பாடுபடும் அப்பாவை மக்கள் தங்கள் வீட்டு மனிதராகவே பார்த்தார்கள். 2020 ஊரடங்கில் அதை மறுபடி ஒளிபரப்பியபோதும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அடுத்தது ரகசியம். ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடும் விஷயத்தை மூன்று மாதம் இழுக்காதீர்கள். அவள் வாயைத் திறந்தால் தங்கை கல்யாணம் நின்றுவிடும் என்று வையுங்கள். அப்புறம் எத்தனை எபிசோட் மௌனமாக இருந்தாலும் நியாயம் இருக்கும்.

வில்லனைக் காரணமே இல்லாமல் கெட்டவனாக்குவதும் தவறு. 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனை நினைத்துப் பாருங்கள். வீட்டுப் பெண்கள் அடங்கித்தான் இருக்க வேண்டும் என்று அவர் மனதார நம்புகிறார். அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து 'இந்தாம்மா ஏய்' என்று கூப்பிடும் தோரணையில், நமக்குத் தெரிந்த ஏதோ ஒரு பெரியப்பா வந்து நிற்பார். 2023இல் மாரிமுத்து மறைந்தபோது அத்தனை வீடுகள் கலங்கியது அதனால்தான்.

ஏழு பேர் முகத்துக்கும் மாறி மாறி ஜூம், இடி முழக்கம் எல்லாம் எப்போதாவது போதும். ஆனால் 'சொன்னதையே சொல்கிறார்களே' என்று வெட்கப்பட்டு எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். பார்க்கிறவர் பாதி சீனை அடுப்படியிலிருந்து காதால்தான் கேட்கிறார். அவருக்காக ஒரு வரி திரும்ப வரலாம்.

சரி, அந்த அப்பா சீனில் 'தொடரும்' எங்கே போடுவது? காயம் அவர் கண்ணில் படுகிற நொடியில் போடாதீர்கள். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி, "இன்னொரு தோசை ஊத்தட்டுமாம்மா?" என்று கேட்பாரே, அங்கே போடுங்கள்.