வீட்டுப் பதிவுக்குப் பிரீஆம்ப் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதிவான குரல் மெலிந்தோ இரைச்சலோடோ கேட்டவுடன், குற்றம் மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் பிரீஆம்பினுடையதே என்று முடிவுகட்டித் தனியாக ஒன்று வாங்கப் புறப்படுவதுதான் முதல் தவறு. மைக் தரும் மிகச் சிறிய மின்னழுத்தத்தைப் பதிவுக்கு ஏற்ற அளவுக்குப் பெருக்குவதே பிரீஆம்பின் வேலை என்பதால், எவ்வளவு கெயின் (பெருக்கம்) வேண்டும் என்ற கணக்கை மைக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

94 டெசிபல் ஒலியில், ஷூர் எஸ்எம்7பி என்னும் டைனமிக் மைக் 1.12 மில்லிவோல்ட் தருகிறது. அதே ஒலிக்கு ரோட் என்டி1-ஏ என்னும் கன்டென்சர் மைக் ஏறத்தாழ 25 மில்லிவோல்ட் தருகிறது. முன்னதற்குச் சுமார் 60 டெசிபல் கெயின் தேவைப்படும். பின்னதற்கு அதில் பாதியளவே பெரும்பாலும் போதும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்ஃபேஸின் மூன்றாம் தலைமுறையில் 56 டெசிபலும் நான்காம் தலைமுறையில் 69 டெசிபலும் கிடைக்கின்றன. ஆகவே கன்டென்சர் மைக் வைத்திருப்பவர் கெயினுக்காகப் பிரீஆம்ப் தேடுவது வீண்செலவு. கெயின் குறையும் டைனமிக் மைக்குக்கு, இன்டர்ஃபேஸ் மைக் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரமான ஃபேன்டம் பவரில் இயங்கி 25 டெசிபல் கூட்டும் கிளவுட்லிஃப்டர் போன்ற சிறு கருவி உதவும். அது ஃபேன்டம் பவரை மைக்குக்குக் கடத்தாது என்பதால், அந்த மின்சாரம் தேவைப்படும் கன்டென்சர் மைக்கோடு இணைத்தால் ஒலியே வராது.

அடுத்தது, இரைச்சல் எண்களை மேலோட்டமாக ஒப்பிடுவது. அளவீட்டில் மைக்குக்குப் பதிலாக இணைக்கப்படும் 150 ஓம் மின்தடை, அறை வெப்பத்தால் தானே எழுப்பும் இரைச்சல் ஏறத்தாழ −131 டிபியு (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அலகு). எவ்வளவு விலை கொடுத்தாலும் எந்தப் பிரீஆம்பும் அந்த எல்லைக்குக் கீழே போக முடியாது. மலிவான இன்டர்ஃபேஸ்களே −127, −128 என்ற அளவைக் காட்டும் நிலையில், கூடுதல் பணத்துக்கு மிஞ்சுவது சில டெசிபல் மட்டுமே. அந்த எண், காதின் உணர்திறனுக்கு ஏற்ப எடையிட்டு அளக்கும் ஏ-வெயிட்டிங் முறையில் அளக்கப்பட்டதா என்றும் பாருங்கள். அம்முறையில் எண் ஓரிரு டெசிபல் அழகாகத் தெரியும். சுழலும் மின்விசிறியும் சன்னல் வழி வரும் தெருச் சத்தமும் இவை எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும் என்பதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் உறுமல் நின்றுவிட்டால், பழி பிரீஆம்பின் மேல் அல்ல, எர்த் இணைப்பின் மேல்.

குறைந்த விலையில் 'டியூப்' என்று விற்கப்படுபவற்றில் பல, உள்ளிருக்கும் வால்வை (டியூபை) அதற்குரிய உயர் மின்னழுத்தத்தில் இயக்குவதில்லை. கேட்கும் 'வெதுவெதுப்பு' பெரும்பாலும் வெறும் ஒலித் திரிபு (டிஸ்டார்ஷன்). அந்தத் திரிபு பிடித்திருந்தால் வாங்கலாம், ஆனால் பதிவில் ஏறிய திரிபைப் பின்னர் நீக்க வழியில்லை.

தனிப் பிரீஆம்பை வாங்கியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இணைப்பு. அதன் வெளியீட்டை இன்டர்ஃபேஸின் எக்ஸ்எல்ஆர் மைக் உள்ளீட்டில் செருகினால், ஏற்கெனவே பெருக்கப்பட்ட ஒலி இரண்டாம் முறையும் பிரீஆம்ப் வழியே போய்ச் சிதையும். கால் அங்குல டிஆர்எஸ் கேபிளால், ஏற்கெனவே பெருக்கிய ஒலிக்கான லைன் உள்ளீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். சில இன்டர்ஃபேஸ்களில் லைன் ஒலியும் அளவு குறைக்கப்பட்டு அதே மைக் பிரீஆம்பைக் கடந்தே செல்கிறது. அப்படிப்பட்டதில் செலவின் பயன் பெரிதும் கரைந்துவிடும் என்பதால், கையேட்டை வாங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

மீட்டர் நிரம்ப வேண்டும் என்று கெயினை இறுதிவரை திருகுவதும் தேவையற்றது. 24 பிட் பதிவில் உச்சம் மீட்டரில் −12 டெசிபலுக்கும் −6 டெசிபலுக்கும் இடையே நின்றால் போதும்.