எஃப்5 தட்டினால் தமிழ்: ஈமாக்ஸில் குறுக்குவிசை அமைப்பது எப்படி?

கொழும்பில் எழுத்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பக்கம் முழுவதும் ஒரே மொழியில் முடிவது அபூர்வம். வெள்ளவத்தைக் கடை ஒன்றுக்குத் துண்டுப்பிரசுரம் அடித்தாலும் விபரம் தமிழில் இருக்கும், மின்னஞ்சல் முகவரி ஆங்கிலத்தில் இருக்கும். கணினியின் தமிழ் விசைப்பலகைக்கு மாறிக்கொண்டு ஈமாக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பு மென்பொருளில் எழுதினால் இன்னொரு தலையிடி: லினக்ஸ் இயங்குதளத்தில் பல வேளைகளில் கொன்ட்ரோல்+எக்ஸ் போன்ற கட்டளைகள் வேலை செய்யாது. அந்த இடத்தில் எக்ஸுக்குப் பதில் தமிழ் எழுத்தல்லவா போகிறது!

ஈமாக்ஸுக்குள்ளேயே தமிழ் உள்ளீடு இருக்கிறது. அதைப் பாவித்தால் கட்டளை விசைகள் கெடாது. கணினியை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, கொன்ட்ரோலோடு பக்ஸ்லாஷைத் தட்டுங்கள். எந்த முறை என்று கேட்கும். 'தமில்-ஐட்ரான்ஸ்' என்று கொடுங்கள். ஆங்கில எழுத்துகளில் ஒலிப்புப்படி தட்டுவதைத் தமிழாக்கும் முறை இது. (கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். முதல் சில எழுத்துகளைத் தட்டி டப் விசையை அழுத்தினால் மீதியை அதுவே காட்டும்.) மறுபடி அதே விசைகளைத் தட்டினால் ஆங்கிலம்.

ஒரு நாளைக்கு நூறு தரம் இப்படி மாறுகிறவருக்கு இரண்டு கையும் வேண்டிய விசை சரிவராது. இதை எஃப்5க்கு மாற்றுவோம்.

ஏன் எஃப்5? ஈமாக்ஸின் மரபுப்படி எஃப்5 முதல் எஃப்9 வரை பாவனையாளருக்கென்றே ஒதுக்கப்பட்டவை. கொன்ட்ரோல்+சி அழுத்தி ஓர் ஆங்கில எழுத்தைத் தட்டுவதும் அப்படித்தான். புதியவர்கள் இந்த எல்லையைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. இருக்கிற விசைகளில் கை வைத்தால் நாளைக்கு வேறெதுவோ வேலை செய்யாது, காரணமும் பிடிபடாது.

முதலில் எஃப்5 காலியா என்று ஈமாக்ஸிடமே கேளுங்கள். கொன்ட்ரோல்+எச், பிறகு கே, பிறகு எஃப்5. எதுவும் இணைக்கப்படவில்லை என்று கீழே செய்தி வந்தால் சரி. மறுபடி கொன்ட்ரோல்+எச், கே தட்டி, இம்முறை எஃப்5க்குப் பதில் கொன்ட்ரோல்+பக்ஸ்லாஷ் தட்டிப் பார்த்தால், அதன் பின்னாலுள்ள கட்டளையின் பெயர் 'டொகிள்-இன்புட்-மெதட்' என்று தெரியும். நமக்கு வேண்டியது இந்தப் பெயர்தான்.

இனி அல்ட்+எக்ஸ் அழுத்தி 'குளோபல்-செட்-கீ' என்று தட்டி என்டர். எந்த விசை என்று கேட்கும்போது எஃப்5ஐ அழுத்துங்கள். எந்தக் கட்டளை என்று கேட்கும்போது மேலே கண்ட பெயர். அவ்வளவுதான், இப்போதே வேலை செய்யும். ஆனால் ஈமாக்ஸை மூடினால் மறந்துவிடும்.

நிரந்தரமாக்க லிஸ்ப் என்ற நிரல்மொழியில் ஒரு வரி வேண்டும். லிஸ்ப் தெரியாதா? பரவாயில்லை, ஈமாக்ஸே எழுதித் தரும். விசையை இணைத்த கையோடு கொன்ட்ரோல்+எக்ஸ், அப்புறம் எஸ்கேப் இரண்டு தரம். நீங்கள் செய்தது அடைப்புக்குறிக்குள் ஒரு வரியாகக் கீழே தோன்றும். கொன்ட்ரோல்+ஏ, கொன்ட்ரோல்+கே என்று தட்டி அதை வெட்டிக்கொண்டு, கொன்ட்ரோல்+ஜி அழுத்தி வெளியே வாருங்கள்.

ஒட்டுவது எந்தக் கோப்பில்? பலர் தடுமாறுவது இங்கேதான். கொன்ட்ரோல்+எச், வி தட்டி 'யூசர்-இனிட்-ஃபைல்' என்று கேட்டால் கோப்பின் முகவரி வரும். கொன்ட்ரோல்+எக்ஸ், கொன்ட்ரோல்+எஃப் மூலம் அதைத் திறந்து, கொன்ட்ரோல்+வை-யால் ஒட்டி, கொன்ட்ரோல்+எக்ஸ், கொன்ட்ரோல்+எஸ்ஸால் சேமியுங்கள்.

இன்னொரு வேலை பாக்கி. அடுத்த தடவை திறக்கும்போது உள்ளீட்டு முறையின் பெயரை மறுபடி கேட்கும். அதற்கு அல்ட்+எக்ஸ், 'கஸ்டமைஸ்-வேரியபிள்', பிறகு 'டிஃபோல்ட்-இன்புட்-மெதட்'. சற்று முன் கொடுத்த பெயர் அங்கே ஏற்கெனவே இருக்கும். 'அப்ளை அண்ட் சேவ்' பொத்தானை அழுத்தினால் போதும்.

எஃப்5 தட்டியும் ஒன்றும் நடக்காவிட்டால், உங்கள் மடிக்கணினி அந்த விசையைத் திரை வெளிச்சத்துக்கோ சத்தத்துக்கோ வைத்திருக்கலாம். எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்திப் பாருங்கள். இணைப்பே வேண்டாமென்றால் கோப்பில் அந்த ஒரு வரியை அழித்துவிட்டு ஈமாக்ஸை மூடித் திறங்கள்.