முதல் பிரவே போகிறீர்களா? முதலில் இருட்டைப் பழகுங்கள்

பிரவே என்பது குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் சவாரி. 200 கிலோமீட்டர் பிரவேக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த சைக்கிள் வாங்கலாம் என்பதுதான். விளக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எல்லாம் பகலிலேயே முடிந்துவிடும் என்கிற நினைப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கி.மீ.க்குக் கொடுக்கும் நேரம் பதிமூன்றரை மணி. காலை ஆறுக்குக் கிளம்பினால் இரவு ஏழரை வரை கெடு. நம் பக்கம் எந்த மாதமானாலும் ஏழேகாலுக்குள் இருட்டிவிடும். ஆக, மெதுவாக ஓட்டுகிறவர், புதிதாக வருகிறவர், இவர்கள்தான் கடைசிக் கொஞ்ச நேரத்தை இருட்டில், கால் ஓய்ந்த நிலையில் ஓட்டுகிறார்கள். அடுத்த கட்டங்களில் 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. அங்கெல்லாம் இரவைத் தொடாமல் முடிக்கிறவர்கள் அபூர்வம்.

பிரவே என்றால் பந்தயம் இல்லை, அதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி பதற்றம் குறையும். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்று வரிசை போடமாட்டார்கள். கையில் ஒரு அட்டை தருவார்கள், வழியில் குறித்த இடங்களில் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்ததற்கு அதில் முத்திரையோ கையெழுத்தோ வாங்க வேண்டும். ஆள் நிற்காத இடமென்றால் ஏடிஎம்மில் ஒரு ரசீது எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், அதில் இடமும் நேரமும் அச்சாகி வரும். மணிக்கு 15 கி.மீ. சராசரி வந்தால் போதும், ஆனால் அந்த 15க்குள் டீக்கடை, பஞ்சர், சாப்பாடு, ஒதுங்குவது எல்லாம் அடக்கம் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே பருவத்தில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தால் சூப்பர் ராண்டனர் என்கிற பட்டம். 1891இல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்கிற 1200 கி.மீ. சவாரி நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறது, அடுத்தது 2027இல். அதற்குத் தகுதி பெற நினைக்கிறவர்களும் இந்த நான்கைத்தான் முடித்தாக வேண்டும். நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியம் இல்லை, கோயமுத்தூரிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ கிளம்பி விடியற்காலையில் கொல்லங்கோட்டு வயல் நடுவே ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே போதும், அப்புறம் நீங்களாகவே அடுத்ததற்குப் பெயர் கொடுத்துவிடுவீர்கள்.

சரி, விளக்கு. இரவில் எவ்வளவு வேகம் போகலாம் என்பதை உங்கள் கால் தீர்மானிக்கக் கூடாது, விளக்குதான் தீர்மானிக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகம் என்றால் ஒரு நொடிக்கு ஏழு மீட்டர். எதிரே ஒரு பள்ளம் தெரிந்து, மூளைக்கு எட்டி, விரல் பிரேக்கைப் பிடிக்கவே ஒன்றரை நொடி ஆகும், அதிலேயே பத்து மீட்டர் போய்விட்டது. காய்ந்த தார் ரோட்டில் வண்டி நிற்க இன்னும் ஏழு மீட்டர். மொத்தம் 17. இறக்கத்தில் 40ஐத் தொட்டால் இதுவே ஏறத்தாழ 35 மீட்டர் ஆகிவிடும், ஈர ரோடு என்றால் இன்னும் கூடும். உங்கள் விளக்கு 20 மீட்டர்தான் காட்டுகிறது, நீங்கள் 40இல் இறங்குகிறீர்கள் என்றால், அந்த நேரம் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டுகிறீர்கள்.

அதனால் விளக்கை எப்படித் திருப்பி வைப்பது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்தி, நீங்களே மேலே உட்கார்ந்துகொண்டு (ஆள் ஏறினால் வண்டி கொஞ்சம் இறங்கும்), வெளிச்சத்தின் நடுப்பகுதி விளக்கின் உயரத்துக்கு ஒரு சாண் கீழே விழுகிறதா என்று பாருங்கள். ஹேண்டில்பார் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் என்றால், அந்த ஒரு சாண் சரிவுக்கு வெளிச்சம் ரோட்டில் இருபது மீட்டரைத் தாண்டி விழும். 25 வேகத்துக்கு அது சரியாக இருக்கும். அதற்கு மேலே தூக்கினால் எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும், அவன் பழிவாங்க ஹை பீம் போடுவான், நஷ்டம் நமக்குத்தான். ஸ்க்ரூவை இறுக்கியபின் ஹேண்டில்பாரில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள், வேகத்தடையில் குதித்துக் குதித்து விளக்கு கீழே சாய்ந்திருந்தால் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும்.

தெருவிளக்கே இல்லாத ரோட்டுக்கு 400 லூமன் தாராளம். ஆயிரம், இரண்டாயிரம் என்று பெட்டியில் போட்டிருப்பதை வைத்து வாங்காதீர்கள், எத்தனை மணி நேரம் அதே வெளிச்சம் நிற்கிறது என்று பாருங்கள். முழு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடும் விளக்குகள்தான் அதிகம், 400 கி.மீ. சவாரியிலோ பன்னிரண்டு மணி நேரம் இருட்டு. முன்னால் இரண்டு விளக்கு, ஒரு பவர் பேங்க், சார்ஜ் போட்டுக்கொண்டே எரியும் விளக்கா என்பதை முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பது, இவை மூன்றும் இருந்தால் கவலை ஒன்று குறையும்.

பின்விளக்கும் இரண்டு. ஒன்று அணைந்தது நமக்குத் தெரியாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் தெரியும். மினுக்காமல் நிலையாக எரிகிற மாதிரி ஒன்றையாவது வையுங்கள். மினுக்கும் விளக்கு கண்ணில் படும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று லாரிக்காரருக்குப் பிடிபடாது, உங்கள் பின்னாலேயே வருகிற சக சைக்கிள்காரருக்கோ தலைவலி. சீட்டுப் பை, தொங்கும் ஜாக்கெட் ஓரம், இவை விளக்கை மறைக்கிறதா என்று பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள்.

ஒளிரும் மேல்சட்டை பிரவேயில் கட்டாயம், எல்லோரும் போட்டுக்கொள்வார்கள். அதைவிடப் பலன் தருவது கணுக்காலில் கட்டும் ஒளிர்பட்டை. மார்பில் இருக்கும் பட்டை தூரத்திலிருந்து பார்த்தால் கம்பத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி அசையாமல் தெரியும். கால் மேலும் கீழும் போய்வரும்போது அது சைக்கிள், அதில் ஒரு ஆள் என்று ஓட்டுநருக்கு ஒரு கணத்தில் உறைத்துவிடும். ஆராய்ச்சிகளும் இதைத்தான் சொல்கின்றன. பழைய சைக்கிள்களில் பெடலிலேயே மஞ்சள் ரிஃப்ளெக்டர் இருக்கும், விலை கூடின சைக்கிள்களில்தான் அதைக் கழற்றிவிட்டார்கள்! கணுக்கால் பட்டையின் விலை ஐம்பது, நூறு ரூபாய்தான், கட்டிக்கொள்ளுங்கள்.

நம் தமிழ்நாடு-கேரள எல்லை ரோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூரிலிருந்து சவாரிக்கு வருகிறவர்களுக்கு இங்கே இரவில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம், எந்தச் செக்போஸ்ட்டாக இருந்தாலும் கல், எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்கள் கேரளாவுக்குப் போகும். அவை சிந்திவிட்டுப் போகும் ஜல்லி பெரும்பாலும் வளைவுகளிலும் செக்போஸ்ட் வேகத்தடைக்கு அடுத்தும் கிடக்கும், அங்கே ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் நேராக உருட்டிவிடுங்கள். தேங்காய் மட்டை ஏற்றிய லாரிக்கு இரண்டு பக்கமும் பாரம் பிதுங்கி நிற்கும், வண்டியின் அகலத்தைப் பார்த்து ஒதுங்கினால் போதாது, பாரத்தின் அகலத்துக்கு ஒதுங்க வேண்டும். பொள்ளாச்சி மாட்டுச் சந்தை கூடுகிற செவ்வாய், வியாழனில் மாடு ஏற்றிய வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். விடியும் நேரத்தில் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலிருந்து கள் வண்டிகள் கிளம்பும். கள் புளித்துக்கொண்டே இருக்கும் சரக்கு, பல மாவட்டம் தாண்டிப் போய்ச் சேர வேண்டும், அவர்கள் அவசரத்தில் நியாயம் இருக்கிறது. நீங்கள்தான் ஓரம் போக வேண்டும். இவர்கள் யாரையும்விட எனக்குப் பயம், பின்விளக்கே இல்லாமல் ரோட்டோரம் நிற்கும் டிராக்டர் டிரெய்லர்தான்.

எதிரே ஹை பீம் வந்தால் அதைப் பார்க்காதீர்கள். இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும், ஒரு பஸ் அதை ஒரே நொடியில் கெடுத்துவிடும், மூடி வைத்த கண்ணாவது மிஞ்சும். கோடு இல்லாத ஊர்ச் சாலையென்றால் வேகத்தை நடக்கும் அளவுக்குக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நிறமில்லாத கண்ணாடி அவசியம், மழை பெய்து விட்ட சாயங்காலம் ஈசல் கூட்டம் நேரே உங்கள் விளக்கைத் தேடித்தான் வரும். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைக் குறுக்கே நேராகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் டயர் இடுக்கில் மாட்டும்.

நாய்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து நாட்டுக்கல் வரை ஒவ்வொரு பேக்கரிக்கும் ஒரு கூட்டம் உண்டு. வேகமாக ஓட்டித் தப்பிக்கப் பார்த்தால்தான் துரத்தும். மெதுவாகி, "டேய், போ அந்தப் பக்கம்" என்று தமிழிலோ மலையாளத்திலோ அதட்டுங்கள், இரண்டு மொழியும் தெரிந்த நாய்கள்தான். அதற்கும் மசியவில்லையா, இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடங்கள். யானை விஷயத்தில் மட்டும் இந்த வீரமெல்லாம் வேண்டாம். வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கம் காட்டை ஒட்டிய ரோடுகளில் யானை இறங்கும், ரயிலில் அடிபட்டே எத்தனையோ செத்திருக்கின்றன. அந்தப் பக்கத்துக் கிளைச் சாலைகளிலும், ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும் வால்பாறைப் பாதையிலும் இரவில் சைக்கிள் பயிற்சி வைத்துக்கொள்ளாதீர்கள்.

காற்றையும் கணக்கில் சேருங்கள். இது பாலக்காட்டுக் கணவாய் என்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து அடிக்கும், டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று. ஜனவரி பிரவேயில் கேரளாவை நோக்கிப் போகும்போது பறக்கிற மாதிரி இருக்கும், நம் பலம் கூடிவிட்டது என்று தோன்றும், திரும்பும்போதுதான் வட்டியோடு வாங்கும். போகும்போது மிச்சம் பிடித்த நேரத்தைக் கடையில் உட்கார்ந்து செலவழிக்காதீர்கள், திரும்பும் வழிக்கு அது வேண்டும்.

இரவுச் சாப்பாட்டில் பரோட்டா, சால்னா ஆசை வரும். ஓட்டி முடிக்கும்வரை தள்ளிப்போடுங்கள். இட்லி, தயிர்சாதம், நேந்திரம்பழம், கடலைமிட்டாய், இப்படி மணிக்கு ஒருமுறை கொஞ்சமாக. இரவில் வியர்வை தெரியாது, தாகமும் எடுக்காது, அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் விட்டால் விடியும்போது தலை சுற்றும். ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும்.

அதிகாலை இரண்டிலிருந்து நாலரைவரை உடம்பு தானாகவே அணையும் நேரம், எவ்வளவு பயிற்சி இருந்தாலும் சரி. கொட்டாவி வந்தால் பரவாயில்லை. கடந்து வந்த கடைசி அரைக் கிலோமீட்டர் ஞாபகத்தில் இல்லை என்றால் இறங்கிவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு பெடல் கூடக் கூடாது. தட்டுக்கடையில் ஒரு கட்டன் காப்பி குடித்துவிட்டு உடனே பெஞ்சில் சாய்ந்து இருபது நிமிடம் தூங்குங்கள், காப்பி வேலை செய்யத் தொடங்குவதற்கும் உங்கள் அலாரம் அடிப்பதற்கும் சரியாக இருக்கும். கடைக்காரர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார்கள். "எங்கண்ணா, இந்நேரத்துக்கு?" என்பார்கள், சொன்னால் பைத்தியமா என்கிற மாதிரி பார்த்துவிட்டு ஒரு பன் கூடவே கொடுப்பார்கள்.

இரவில் பஞ்சர் ஆனால் முதல் வேலை ரோட்டை விட்டு முழுசாக இறங்குவது, ஓரத்திலேயே உட்கார்ந்து டயர் கழற்றுவது கூடாது. பின்விளக்கை வண்டிகள் வரும் பக்கம் பார்த்து எரியவிடுங்கள். தலையில் மாட்டும் சின்ன விளக்கு இருந்தால் இரண்டு கையும் மிஞ்சும். புது டியூபைப் போடுவதற்கு முன், டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் சுற்றித் தடவிப் பாருங்கள். லாரி டயர் வெடித்துச் சிதறும் நுண்ணிய எஃகுக் கம்பி நூல்தான் நெடுஞ்சாலைப் பஞ்சருக்குப் பெரும்பாலும் காரணம், கண்ணுக்குத் தெரியாது, துணி மாட்டும். அதை எடுக்காமல் டியூப் மாற்றினால் அடுத்த கிலோமீட்டரில் திரும்பவும் இறங்க வேண்டியதுதான்.

கூட்டமாகப் போகும்போது பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பேசுவது பகலோடு போகட்டும். இருட்டில் ஒற்றை வரிசை, முன்னால் போகிறவர் "பள்ளம்", "ஜல்லி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கைஜாடை யாருக்கும் தெரியாது. அடையாள அட்டை, வீட்டு நம்பர் எழுதிய காகிதம் பையில் இருக்கட்டும். 108, 112 இரண்டும் எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டிலும் வேலை செய்யும்.

முடித்துவிட்டு அட்டையைக் கொடுத்ததும் எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம் வரும். 400 முடித்த கையோடு கார் ஓட்டிக்கொண்டு போவது, ராத்திரி முழுக்க சைக்கிள் ஓட்டியதைவிட ஆபத்து. அங்கேயே துண்டு விரித்து இரண்டு மணி நேரம் தூங்குங்கள், அல்லது வீட்டிலிருந்து யாரையாவது வரச்சொல்லி அவர்கள் கையில் சாவியைக் கொடுங்கள், நீங்கள் பின் சீட்டில் ஏறிக்கொள்ளுங்கள்.