எரியாவிட்டாலும் சொட்டு விடுங்கள்: சர்க்கரை உள்ளவர்களுக்குக் கண்புரை ஆபரேஷனுக்குப் பின்

கண் சிமிட்டியதும் எழுத்து தெளிகிறது, சில நொடியில் மறுபடி மங்குகிறதா? பெரும்பாலும் லென்ஸில் கோளாறு இருக்காது. கண்ணின் மேற்பரப்பு காய்கிறது.

கண்புரையை உள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுக்கும் பேக்கோ முறையில் கருவிழி ஓரத்தில் 2 முதல் 3 மி.மீ. அளவுக்குக் கீறித்தான் லென்ஸை உள்ளே வைக்கிறார்கள். அங்கே மெல்லிய நரம்பிழைகள் அறுபடும். நெடுநாள் சர்க்கரை இருந்தால், பாதம் மரத்துப்போவதைப் போலக் கருவிழியும் ஏற்கெனவே மரத்திருக்கலாம். உணர்ச்சி குறைந்தால் சிமிட்டல் குறையும், கண்ணீர் குறையும், புண் ஆறவும் நாளாகும். கருவிழியின் மேல்தோல் உரிந்திருந்தும் எரிச்சலே தெரியாமல் போவது உண்டு. அதனால் கண் எரியும்வரை காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு விடுங்கள்.

1. சோப்புப் போட்டுக் கை கழுவித் துடையுங்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு போன்ற பால்நிறச் சொட்டானால் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கிவிடும்; குலுக்காவிட்டால் வெறும் நீர்தான் விழும்.

2. படுத்துக்கொண்டு கீழிமையை இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. கண் ஏறக்குறைய 30 மைக்ரோலிட்டர்தான் தாங்கும். ஒரு சொட்டே 30 முதல் 50 வரை இருக்கும். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். பாட்டில் நுனி இமையில் படக் கூடாது.

3. கண்ணை மெல்ல மூடி, மூக்கோரக் கண்முனையை விரலால் இரண்டு நிமிடம் லேசாக அழுத்துங்கள். விழியின் மேல் அழுத்தம் போகவே கூடாது.

4. அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் இடைவெளி.

பலரும் சறுக்குவது இந்த நாலாவதில்தான். ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, நெபாஃபெனாக் என்ற வீக்கம் தடுக்கும் மருந்து, செயற்கைக் கண்ணீர் என்று நான்கு பாட்டிலையும் ஒரே மூச்சில் விட்டால் பின்னது முன்னதைக் கழுவித் தள்ளிவிடும். தண்ணீர் போன்றது முதலில், கெட்டியான ஜெல் பிறகு, ஆயின்ட்மென்ட் கடைசியில். செல்போனில் அலாரம் வையுங்கள். "ஞாபகம் இருக்கும்" என்பதை நம்பாதீர்கள்.

செயற்கைக் கண்ணீரில் பிரிசர்வேட்டிவ் (கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம்) இல்லாததைத்தான் கேட்டு வாங்க வேண்டும், விலை கூடுதலானாலும். பென்சால்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ் கலந்ததை ஒரு நாளில் பல முறை விட்டால், ஆற வேண்டிய மேல்தோலையே அது அரிக்கும். சோடியம் ஹயலுரோனேட், கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் உள்ள செயற்கைக் கண்ணீர் இரண்டுமே நல்லவை. சிவப்பைப் போக்கும் கடைச் சொட்டு வேண்டாம். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதுவும் அந்தக் கண் பக்கமே வரக் கூடாது.

நெபாஃபெனாக் விழித்திரை வீக்கத்தைத் தடுக்கத் தருவது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது முக்கியம். ஆனால் டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் நீட்டினால் காய்ந்த கருவிழியில் புண்ணாகி, அரிதாகக் கருவிழி கரையவும் செய்யும். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம், படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

விரல் மரத்துப்போனவர்களால் சிறு பிளாஸ்டிக் குப்பியைப் பிழிய முடியாது; வீட்டில் ஒருவர் விடட்டும். சொட்டு விழுந்ததே தெரியவில்லை என்றால் செயற்கைக் கண்ணீரை மட்டும் பத்து நிமிடம் பிரிட்ஜ் கதவில் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி காட்டிக்கொடுக்கும். ஃபேன் காற்று நேரே முகத்தில் அடிக்கும் இடத்தில் படுக்காதீர்கள்.

இந்த வறட்சி பொதுவாக முதல் மாதத்தில் அதிகம், மூன்று மாதத்தில் தணியும். பார்வை இறங்கினாலோ, சிவப்பு கூடினாலோ, வலியோ சீழோ வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. வலி இல்லை என்பதைச் சர்க்கரை உள்ளவர்கள் நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த கண்ணுக்கும் ஆபரேஷன் பாக்கி என்றால், லென்ஸ் அளவு எடுக்கும் முன்பே கண்வறட்சியைச் சொல்லிச் சரிசெய்யுங்கள். காய்ந்த கருவிழியில் வளைவின் அளவு தப்பும். லென்ஸ் பவரும் அதோடு தப்பும். சொட்டு விட்ட கையோடு போய் மெஷின் முன் உட்கார்ந்தாலும் இதே கதைதான்.