வாயால் சொன்ன வேலைநீக்கம்

2018ல் கோவையில் ஒரு பம்ப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பது வருட சர்வீஸ். ஒரு சனிக்கிழமை சம்பளக் கவரைக் கொடுத்துவிட்டு மேனேஜர், "திங்கக்கிழமையில இருந்து வர வேண்டாம்ப்பா" என்றார். பித்தளைச் சாமான் காணாமல் போனதாகப் பேச்சு. மெமோ இல்லை, விசாரணை இல்லை, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

கோபத்தில் வீட்டோடு இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். "அவனாகத்தான் நின்றுவிட்டான்" என்பது பழைய தந்திரம். சங்கத்து அண்ணன் ஒருவர் சொன்னபடி, திங்கட்கிழமை வழக்கம்போல் கேட் வரை போனேன், வாட்ச்மேன் விடவில்லை. அன்றைக்கே, "வேலை செய்யத் தயாராக வந்தேன், உள்ளே விடவில்லை" என்று எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். கையெழுத்தாகித் திரும்பி வந்த அந்த அட்டைதான் பிறகு எனக்காகப் பேசியது.

அப்புறம் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. அப்போதிருந்த 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் 2ஏ பிரிவில் தனி ஆளாகவே கொடுக்க முடிந்தது. 45 நாளில் தீராவிட்டால் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போக முடிந்தது. வேலைநீக்கத்திலிருந்து 3 வருடத்துக்குள் போக வேண்டியிருந்தது. பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. அட்டை நகல்களை இணைத்தேன். நியமன உத்தரவெல்லாம் பட்டறையில் யாருக்குக் கொடுத்தார்கள்!

முதல் இரண்டு தேதிக்கு அவர்கள் வரவே இல்லை. மூன்றாவதில், விசாரணைக் கோப்பு எங்கே என்று அலுவலர் கேட்டார். மேனேஜர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவதில் ஒப்பந்தம் கையெழுத்தானது: பழைய வேலை, பணித்தொடர்ச்சி, வேலையில்லாத நாட்களுக்குப் பாதிச் சம்பளம். முழுசாகக் கேட்டிருக்கலாம் என்று மனைவி இன்றும் சொல்கிறாள்.