ஸ்பிரிங் கணக்குக்கு உதவி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பிரிங், விசை என்று வீட்டுப்பாடக் கணக்கோடு வருகிறவர்களுக்கு நெடுநாளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான் படித்த காலத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறப்பது, மொத்த நீளத்தையே நீட்சி என்று போடுவது, கிலோகிராமை அப்படியே விசையாக எடுத்துக்கொள்வது, இதெல்லாம் ஒருமுறை மதிப்பெண் போனால் தானாகச் சரியாகிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

கணக்கைச் சுருக்கிக் கேட்பது

"அரை கிலோ நிறையை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டால் எவ்வளவு நீளும்? மாறிலி மீட்டருக்கு 200 நியூட்டன்." ஒரு மாணவி இப்படித்தான் கேட்டார். (மாறிலி என்றால் ஸ்பிரிங்கை ஒரு மீட்டர் நீட்ட எவ்வளவு விசை வேண்டும் என்ற அளவு.) எடை 0.5 × 9.8 (புவியீர்ப்பு முடுக்கம்), அதாவது 4.9 நியூட்டன், அதை 200-ஆல் வகுத்தால் 0.0245 மீட்டர், 2.45 செ.மீ. ஆனால் புத்தகத்தில் விடை 4.9 செ.மீ. என்று இருக்கிறதாம். ஏற்கெனவே ஒருவர் அச்சுப்பிழை என்று சொல்லியிருக்கிறார், இன்னொருவர் "இந்த மாதிரிக் கணக்குக்கு இரண்டால் பெருக்கிவிடு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த இரண்டாவது ஆலோசனையை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

கணக்கை அப்படியே படித்துக் காட்டச் சொன்னேன். "ஸ்பிரிங் நீளாத நிலையில் பொருளை மாட்டி, கையை விட்டுவிட்டால் அதிகபட்ச நீட்சி என்ன?" விடையைத் தீர்மானிப்பதே "கையை விட்டுவிட்டால்", "அதிகபட்ச" என்ற சொற்கள்தான். அவர் சுருக்கும்போது சரியாக அவற்றைத்தான் வெட்டியிருந்தார்.

கையால் தாங்கி மெல்ல இறக்கினால் பொருள் 2.45 செ.மீ.யில் நின்றுவிடும். அங்கே ஸ்பிரிங் மேலே இழுப்பதும் எடை கீழே இழுப்பதும் சமம். சட்டென்று கையை எடுத்தாலும் அதே இடத்துக்குத்தான் முதலில் வருகிறது, ஆனால் நொடிக்கு 0.49 மீட்டர் வேகத்தோடு வருகிறது, அந்த வேகத்தை வைத்துக்கொண்டு எப்படி நிற்கும்? இன்னும் கீழே போய் 4.9 செ.மீ.யில் ஒரு கணம் நின்று திரும்புகிறது. அந்த அடிப்புள்ளியில் ஸ்பிரிங் 9.8 நியூட்டன் இழுக்கிறது, எடையைப்போல இரண்டு மடங்கு. வேகம் சுழியம், ஆனால் முடுக்கம் சுழியம் இல்லை. இங்கேதான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள்: நின்றுவிட்டதே, அப்போ விசைகள் சமம்தானே என்று எழுதிவிடுகிறார்கள்.

இதற்கு ஆற்றல் சமன்பாடு வேண்டும். பொருள் இறங்கியதால் குறைந்த நிலை ஆற்றல் முழுவதும் ஸ்பிரிங்கில் சேர்கிறது: எடை × நீட்சி = அரை × மாறிலி × நீட்சியின் வர்க்கம். அந்த "இரண்டு" இங்கிருந்து வருகிறது. இதே சமன்பாட்டை மெல்ல இறக்கிய கணக்கில் போட்டால் தப்பாகிவிடும். அங்கே குறைந்த ஆற்றல் 0.12 ஜூல், ஸ்பிரிங்கில் சேர்ந்தது 0.06 ஜூல்தான். மீதிப் பாதியை உங்கள் கை வாங்கிக்கொண்டது, இறங்கும்போதெல்லாம் அது மேல்நோக்கித் தாங்கிக்கொண்டே இருந்ததல்லவா.

இதன் அடியில் இன்னொரு தவறு இருக்கிறது. ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி சொல்வது ஒன்றுதான்: மீட்சி எல்லைக்குள், அதாவது விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும் அளவுக்குள், ஸ்பிரிங் எவ்வளவு நீண்டிருக்கிறதோ அதற்கேற்ற விகிதத்தில் இழுக்கும். அந்த இழுவை எடைக்குச் சமம் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. முடுக்கம் இல்லை என்று தெரிந்தபிறகு அதை நாம்தான் சேர்க்கிறோம். அதே பொருளை நொடிக்கு நொடி 2 மீட்டர் முடுக்கத்தோடு மேலே கிளம்பும் லிஃப்டில், ஆடாமல் தொங்கவிட்டுப் பாருங்கள்: இழுவை 0.5 × (9.8 + 2), அதாவது 5.9 நியூட்டன், நீட்சி 2.95 செ.மீ. இங்கே இரண்டால் பெருக்கச் சொன்னவர் என்ன செய்வார்?

ஆகவே கணக்கை முழுதாக அனுப்புங்கள், ஒரு சொல்லும் விடாமல். "மெதுவாக", "ஓய்வுநிலையிலிருந்து", "சமநிலையில்", "அதிகபட்சம்" என்று வந்தால் அடிக்கோடிட்டுவிட்டு அப்புறம் சமன்பாட்டைத் தொடுங்கள்.

இரண்டு பக்கமும் இழுத்தால் கூட்டுவது

சுருள்வில் தராசை இரு முனையிலும் 10 நியூட்டனால் இழுத்தால் காட்டுவது 10. இருபது அல்ல. ஒரு முனையைச் சுவரில் கட்டிவிட்டு மறுமுனையை இழுத்தாலும் சுவர் அதே 10 நியூட்டனால் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

பாதியாக வெட்டிய ஸ்பிரிங்குக்குப் பழைய மாறிலியே போடுவது

மாறிலி இரட்டிப்பாகும்.

கழித்தல் குறியை இரண்டு முறை போடுவது

விசைப்படத்தில் ஸ்பிரிங்கின் அம்பை மேல்நோக்கி வரைந்து, திசையை அதிலேயே சொல்லியாகிவிட்டது. அப்புறம் ஹூக் விதியில் (விசை = −மாறிலி × நீட்சி) உள்ள கழித்தல் குறியையும் கொண்டுவந்து சேர்த்தால் ஸ்பிரிங் கீழே தள்ளுகிறது என்று ஆகிவிடும். ஒன்று அம்பு, இல்லாவிட்டால் குறி.

"விடை வரவில்லை" என்று மட்டும் அனுப்புவது

உங்கள் படத்தையும், எந்த வரியில் நின்றீர்களோ அந்த வரியையும் சேர்த்து அனுப்புங்கள். படம் வரையவே இல்லை என்றால் முதலில் அதை வரைந்துவிட்டுக் கேளுங்கள், பாதிக் கேள்விகள் அப்போதே தீர்ந்துவிடுகின்றன.